பலன் வேறு, பரிசு வேறு

ஓர் அலுவலகத்தில் ஒருவர் ஆறு மாதங்கள் பாடுபட்டு ஓர் அறிக்கையைத் தயாரிக்கிறார். அது அச்சாகி வரும்போது முதல் பக்கத்தில் மேலதிகாரியின் பெயர் மட்டுமே இருக்கிறது. ஓர் ஆசிரியர், தம்மிடம் பணி கற்றுக்கொண்ட இளையவர் சிபாரிசின் வலிமையால் தமக்கு மேலே தலைமையாசிரியராக அமர்த்தப்படுவதைப் பார்க்கிறார். முப்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்திற்காக அடுப்படியில் நின்ற தாய், "நீ என்ன செய்து கிழித்தாய்?" என்ற சொல்லை மகனின் வாயிலிருந்தே கேட்கிறாள்.

அன்றிரவு இவர்களுக்கு உறக்கம் வருவதில்லை. முதலில் வருவது கோபம். கோபம் களைத்துப் போனதும் துயரம் வந்து அமர்கிறது. அதன்பின் ஒரு கேள்வி எழுகிறது: "நேர்மையாக உழைத்ததில் என்ன பொருள் இருக்கிறது?"

கோபமும் துயரமும் நாளடைவில் தணியக்கூடும். இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் அது உள்ளத்தில் தங்கி, மறுநாள் வேலையைக் கெடுக்கும். 'இவ்வளவு செய்தது போதும்' என்று கையைத் தளர்த்தும். முடிவில் ஒரு நல்ல உழைப்பாளி, தம்மை ஏமாற்றியவரைப் போலவே ஆகிவிடும் அபாயமும் உண்டு. ஆகவே இக்கேள்வியை நேருக்கு நேர் சந்திப்பது அவசியமாகிறது.

காட்டில் எழுந்த கேள்வி

மகாபாரதத்தின் வனபர்வத்தில் இதே கேள்வியை எழுப்புபவள் திரௌபதி. நாட்டை இழந்து பாண்டவர்கள் துவைதவனத்தில் தங்கியிருந்த காலம் அது. யுதிஷ்டிரர் வேள்வியும் தானமும் குறைவறச் செய்தவர். உயிரை விட்டாலும் அறத்தை விடாதவர். அப்படிப்பட்டவர் மரவுரி உடுத்துத் தர்ப்பைப் பாயில் அமர்ந்திருக்கிறார். சூதில் வஞ்சித்தவனோ அரியணையில் வீற்றிருக்கிறான். அறத்தைக் காப்பவனை அறம் காக்கும் என்று பெரியோர் சொல்லக் கேட்டவள் அவள். அந்த அறம் தன் கணவரைக் காத்ததாக அவளுக்குத் தெரியவில்லை. உலகை நடத்துபவனின் நீதியையே அவள் ஐயுறுகிறாள்.

யுதிஷ்டிரரின் விடை தெளிவானது. கொடுக்க வேண்டியது கடமை என்பதால் கொடுப்பதாகவும், செய்ய வேண்டியது என்பதால் வேள்வி செய்வதாகவும் அவர் கூறுகிறார். வரப்போகும் பலனைக் கணக்கிட்டு அறம் செய்பவனை அறத்தை வைத்து வாணிபம் நடத்துபவன் என்கிறார்.

உபதேசங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். வியாசர் நிறுத்தவில்லை, திரௌபதிக்கு மீண்டும் பேச இடம் தருகிறார். தான் அறத்தை இகழவில்லை, துன்பம் தாங்காமல் புலம்புவதாகவே கொள்ள வேண்டும் என்று அவள் முதலில் விளக்குகிறாள். பிறகு முயற்சியைப் பற்றிப் பேசுகிறாள். உழவன் நிலத்தை உழுது விதைக்கிறான். அதன்பின் மழைக்காகக் காத்திருக்கிறான். மழை பொய்த்தால் பயிர் வாடும். ஆனால் அதில் உழவனின் குற்றம் ஏதுமில்லை. அவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான். இதை உணர்ந்த அறிவாளி தன்னை நொந்துகொள்வதில்லை, முயற்சியைக் கைவிடுவதுமில்லை. சிறுமியாக இருந்தபோது தந்தையின் மடியில் அமர்ந்து, ஓர் அந்தணர் நீதிநூல் சொல்லக் கேட்டுப் பெற்ற அறிவு இது என்றும் அவள் குறிப்பிடுகிறாள்.

இந்த உரையாடலில் ஒருவர் சொன்னதை மற்றவர் நிறைவு செய்கிறார். எந்த நோக்கத்துடன் உழைக்க வேண்டும் என்பதை யுதிஷ்டிரர் காட்டுகிறார். உழைப்பு பலிக்காதபோது எப்படி நிமிர்ந்து நிற்பது என்பதைத் திரௌபதி காட்டுகிறாள். துன்பத்தில் புலம்பியதற்காக இதிகாசம் அவளைத் தாழ்த்திவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கீதையின் முதல் அத்தியாயத்திற்கே 'அர்ஜுன விஷாத யோகம்' என்று பெயர். துயரமும் ஒரு யோகத்தின் தொடக்கமாக இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்ட மரபு இது.

கோபத்தினுள் இருக்கும் இரண்டு

கீதையின் மூன்றாம் அத்தியாயம் ஆசையையும் கோபத்தையும் ஒரே பகைவனாகக் காட்டுகிறது. ஆசை தடைபடும்போது அதுவே கோபமாக மாறுகிறது என்று அதற்கு உரை கண்ட சங்கரர் விளக்குகிறார். இந்த விளக்கத்தை ஓரடி நீட்டிப் பார்க்கலாம். தடுத்தவர் இன்னார் என்று கண்முன் தெரிந்தால், தடைபட்ட ஆசை அவர்மீது கோபமாகப் பாய்கிறது. யாரையும் சுட்ட முடியாதபோது அதே ஆசை உள்ளே திரும்பித் துயரமாகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அதனால்தான் ஒரே இரவில் மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறிச் செல்கிறது.

கோபம் மயக்கத்தையும், மயக்கம் நினைவுக் குலைவையும், நினைவுக் குலைவு புத்தியின் அழிவையும் கொண்டுவரும் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. இதில் நினைவுக்குத் தரப்பட்டுள்ள இடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோபம் கொண்டவர் எதை மறக்கிறார்? இந்த வேலையைத் தாம் ஏன் தொடங்கினார் என்பதை மறக்கிறார். மாணவர்கள்மீது கொண்ட அன்பினால் ஆசிரியப் பணிக்கு வந்தவருக்கு, பதவி கிடைக்காத அன்று அந்த மாணவர்களின் முகமே நினைவில் இருப்பதில்லை.

அப்படியானால் கோபம் முழுவதுமே பகையா? ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 83, 84 ஆகிய இரு சூக்தங்கள் 'மன்யு' என்ற தேவதையைப் போற்றுகின்றன. மன்யு என்பது சினத்தின் ஆற்றல். பகையை எதிர்த்து நிற்கும் உள்ளத்தின் வெப்பத்தை வழிபாட்டுக்குரியதாகவே அந்த ரிஷிகள் கண்டனர். திரௌபதியும் தன் பேச்சில் பிரகலாதன் பலிக்குச் சொன்ன அறிவுரையை எடுத்துக்காட்டுகிறாள். எப்போதும் சினமும் நன்றன்று, எப்போதும் பொறுமையும் நன்றன்று என்பதே அதன் சாரம்.

கோபத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு கூறுகள் தென்படும். ஒன்று, 'இது தகாது' என்ற தீர்ப்பு. மற்றொன்று, 'அவன் வருந்த வேண்டும்' என்ற விருப்பம். முதலாவது அறவுணர்வின் குரல். அதை இழந்தவர் அடிமையாகிவிடுவார். இரண்டாவது உள்ளத்தை எரிக்கும் நெருப்பு. அது எதிரியைத் தொடுவதற்கு முன்பே தன்னை வைத்திருப்பவரைச் சுட்டுவிடுகிறது. முதலாவதைக் காத்துக்கொண்டு இரண்டாவதை விட முடியுமா என்பதுதான் நடைமுறைக் கேள்வி. முடியும் என்பதற்கு இந்திய அறிவியல் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

ஊதியம் பெறாத மூன்று ஆண்டுகள்

இங்கிலாந்தில் கல்வியை முடித்துத் திரும்பிய ஜகதீச சந்திர போஸ், 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அக்காலத்தில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே வழங்கப்பட்டது. போஸின் பதவி தற்காலிகமானது என்ற காரணத்தால் அதிலும் பாதியே அவருக்கு என்று முடிவாயிற்று. ஒரே வகுப்பறை, ஒரே பாடம்; ஊதியமோ மூன்றில் ஒரு பங்கு.

அவர் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். அல்லது கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கொடுத்த அளவுக்கு மட்டும் கற்பித்திருக்கலாம். அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். குறைந்த ஊதியத்தைத் தொட மறுத்துவிட்டார். வகுப்புகளை மட்டும் ஒரு நாளும் குறைக்காமல் நடத்தினார். தந்தை பெரும் கடனில் சிக்கியிருந்த காலம் அது. ஆகவே அந்த மறுப்பு வசதி படைத்தவர் காட்டும் வீம்பாக இருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு மாதமும் வீட்டில் அதன் சுமை உணரப்பட்டிருக்கும். இந்த நிலை மூன்று ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் நிர்வாகம் அவரது பதவியை நிரந்தரமாக்கி, சேர்ந்த நாள் முதலே கணக்கிட்டு முழு ஊதியத்தையும் மொத்தமாக வழங்கியது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

இதில் வெற்றி கிடைத்தது என்பதைவிட, வெற்றி கிடைப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளே முக்கியமானவை. அநீதியை அவர் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாததற்கான விலையை மாணவர்களிடம் வசூலிக்கவும் இல்லை. 'இது தகாது' என்ற தீர்ப்பு முழு வலிமையுடன் நின்றது. பழிவாங்கும் விருப்பம் வகுப்பறைக்குள் நுழையவே இல்லை.

எல்லோருக்கும் மூன்று ஆண்டுகளில் நீதி கிடைத்துவிடுவதில்லை. கடைசிவரை கிடைக்காதவர்களும் உண்டு.

காலம் கடந்து வந்த அழைப்பு

ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் காலராக் கிருமியை இனங்கண்டார். அக்கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அவர் கருதினார். அடுத்த முக்கால் நூற்றாண்டு வரை அந்த நஞ்சு குடலில் செயல்படுவதை ஐயமற நிறுவ எவராலும் இயலவில்லை. நிறுவியவர் அதே கல்கத்தாவின் மருத்துவர் சம்புநாத் தே.

ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1915-ல் பிறந்தவர் அவர். லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தி, அங்கே நீர் சேர்வதைக் கண்டார். எளிய கருவிகளுடன் நடத்தத்தக்க இந்த முறை 1953-ல் வெளியாயிற்று. பின்னர் கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தியபோதும் அதேபோல் நீர் சேர்ந்தது. கிருமி இல்லாமலேயே விளைவு உண்டாயிற்று. ஆகவே நஞ்சு உண்டு என்பது உறுதியாயிற்று. 1959-ல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

பாராட்டு மழை பொழியவில்லை. அந்த நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பெருமை 1969-ல் அமெரிக்காவில் வேறு அறிஞர்களுக்குச் சேர்ந்தது. தே 1973-ல் ஓய்வு பெற்றார். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க் அவரது பெயரை நோபல் பரிசுக்கே முன்மொழிந்தார். தாய்நாட்டின் அறிவியல் கழகங்களோ அவரது வாழ்நாளில் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1978-ல் நோபல் அறக்கட்டளை காலரா பற்றி நடத்திய கருத்தரங்கிற்கு அவர் அழைக்கப்பட்டார். பல ஆண்டுகளாக இறந்து கிடந்த தம்மை அந்தக் குழு தோண்டி எடுத்துவிட்டது, இப்போது மீண்டும் உயிர் வருவதுபோல் இருக்கிறது என்னும் பொருள்பட அவர் அங்கே பேசினார். 1985-ல் அவர் மறைந்தார். 1990-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காகவே ஒரு சிறப்பிதழை வெளியிட்டது.

இறந்து கிடந்ததாக ஒரு மூத்த விஞ்ஞானி தம்மைப் பற்றியே சொன்னதைக் கேட்டபின், 'அங்கீகாரம் ஒரு பொருட்டே அன்று' என்று எளிதில் பேசிவிட முடியாது. அது பொருட்டுதான். புறக்கணிப்பு உண்மையிலேயே வலிக்கிறது. அந்த வலியைப் பற்றின்மை என்ற பெயரால் மறுப்பது பொய்யாகும். பொய்யின்மீது ஆன்மீகத்தைக் கட்ட இயலாது.

மூன்று விளைவுகள்

ஆனால் வலி மட்டுமே இதில் உண்மை அன்று. ஒரு நல்ல உழைப்பு மூன்று விளைவுகளைத் தருகிறது. முதலாவது, அந்த உழைப்பால் உலகில் உண்டாகும் பயன்; இதுவே பலன். இரண்டாவது, உழைத்தவரின் உள்ளத்தில் உண்டாகும் மாற்றம்: கவனம், திறமை, பொறுமை, தூய்மை. மூன்றாவது, பிறர் மனமுவந்து தரும் பெயரும் பதவியும் பணமும், இது பரிசு.

தே அவர்களுக்குக் கிடைக்காமல் போனது மூன்றாவது மட்டுமே. கட்டிய முயல்குடலில் அவர் கண்ட உண்மை ஒருபோதும் தோற்கவில்லை. காலரா பற்றிய பிற்கால ஆய்வு அதன்மீதே வளர்ந்தது. வாய்வழித் தடுப்பு மருந்து ஒன்றில் அந்த நஞ்சின் தீங்கற்ற ஒரு கூறே சேர்க்கப்படுகிறது. அதை அருந்துபவருக்கு அவர் பெயர் தெரியாது. பாதுகாப்பு மட்டும் கிடைக்கிறது.

துயரம் கொண்ட மனம் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. பரிசு வரவில்லை, ஆகவே பலனும் இல்லை, ஆகவே உழைத்தவனும் மதிப்பற்றவன் என்று படிப்படியாக இறங்குகிறது. இந்த அனுமானம் தர்க்கப்படி தவறானது. பரிசு தராதவர், பரிசு தரத் தவறினார் என்பதை மட்டுமே நிரூபிக்கிறார். உழைப்பின் மதிப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? உழைத்தவரே தம் கையால் அதை அவரிடம் ஒப்படைக்கிறார்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலும் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்களைக் கூறுகிறது: செயலுக்கு இடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். செய்பவன் ஐவருள் ஒருவன். தன்னை ஒரே காரணமாக எண்ணுபவனுக்கு வெற்றியில் செருக்கும் தோல்வியில் அவமானமும் தவிர்க்க முடியாதவை. ஐவருள் ஒருவன் என்று உணர்ந்தவன், தன் பங்கைச் சரியாகச் செய்தோமா என்று மட்டும் தன்னைக் கேட்டுக்கொள்கிறான். திரௌபதியின் உழவன் இந்த நிலையில்தான் வானத்தைப் பார்த்து நிற்கிறான்.

யார் யாரிடம் சொல்வது?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே' என்ற போதனை அடிக்கடி தவறான வாயிலிருந்து வருகிறது. ஊதியத்தைக் குறைப்பவரும், பிறர் உழைப்புக்குத் தம் பெயரை இடுபவரும், வீட்டுப் பெண்களின் பாட்டை இயல்பென்று எடுத்துக்கொள்பவரும் இதைச் சொல்வதுண்டு. கண்ணன் இதை உபதேசித்தது செயல் புரிய வேண்டிய அர்ஜுனனுக்கு. துரியோதனன் தன் பணியாளரிடம் சொல்வதற்காக அன்று.

இந்த உண்மையை உழைப்பவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளலாம். அப்போது அது விடுதலை. உழைப்பைப் பெற்றுக்கொள்பவர் உழைத்தவரிடம் சொன்னால், அது கடனைத் திருப்பாதவர் கடன் கொடுத்தவருக்குத் துறவு போதிப்பதற்கு ஒப்பாகும். பெற்றுக்கொள்பவருக்கு உரிய அறம் வேறு: உரியதை உரிய காலத்தில் கொடுப்பதும், உழைத்தவரின் பெயரை மறைக்காமல் சொல்வதும்.

அந்த இரவில் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் உணர்ந்தவருக்கும் உறக்கம் வராத அந்த இரவு வரத்தான் செய்யும். அப்போது செய்யத்தக்கவை சில உண்டு.

முதலில், துயரத்தை மறுக்காமல் ஏற்க வேண்டும். நம்பத்தக்க ஒருவரிடமோ இறைவனிடமோ அதை வாய்விட்டுச் சொல்லலாம். சொல்லப்படாத துயரம் கசப்பாக உறைந்துவிடும். துயரம் வாரக்கணக்கில் நீடித்து உணவையும் உறக்கத்தையும் வாழும் விருப்பத்தையும் கெடுக்குமானால், மருத்துவரை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இரண்டாவதாக, கோபம் கொதிக்கும் நேரத்தில் எந்த முடிவும் எடுக்கலாகாது. ராஜினாமாக் கடிதமும் வசைச்சொல்லும் விடியும்வரை காத்திருக்கலாம். நியாயம் உள்ள முறையீடு மறுநாளும் நியாயமாகவே இருக்கும்.

மூன்றாவதாக, அந்த உழைப்பால் பயனடைந்தவர் யார் என்று ஒருவரையேனும் பெயர் சொல்லி நினைத்துப் பார்க்க வேண்டும். கோபம் அழித்த நினைவை இது மீட்டுத் தருகிறது.

நான்காவதாக, உரிமை மறுக்கப்பட்டிருந்தால் அதைத் தெளிவாகவும் அமைதியாகவும் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டும் கிடைக்காதபோது அந்த இடத்தில் தொடர்வதா விலகுவதா என்று முடிவு செய்யலாம். 'என் பணி எங்கே நன்கு நடக்கும்?' என்ற கேள்வியே அந்த முடிவுக்கு அடிப்படையாகட்டும். யாருக்கோ பாடம் புகட்டும் எண்ணம் அதில் கலக்க வேண்டாம்.

இறுதியாக, மறுநாள் காலை முதல் வேலையை முந்தைய நாள் செய்த அதே தரத்தில் செய்ய வேண்டும். மிகக் கடினமான சாதனை இதுதான். கைகள் தளரத் துடிக்கும் அந்த ஒரு நாளில் ஒருவர் தளராமல் நின்றுவிட்டால், தம் உழைப்பின் தரத்தை அவர் மீண்டும் தம் கைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்.

அறிக்கையை எழுதியவரின் பெயர் முதல் பக்கத்தில் வராமலே போகலாம். ஆசிரியருக்கு அந்த நாற்காலி கிடைக்காமலே போகலாம். அடுப்படியில் நின்ற தாயிடம் மகன் ஒரு நாள் வந்து மன்னிப்புக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். ஆயினும் அந்த அறிக்கை சரியானது. அந்த மாணவர்கள் கற்றார்கள். அந்தப் பிள்ளைகள் பசியாறி வளர்ந்தார்கள். நடந்துவிட்ட நன்மையை நடக்காததாக்க எவராலும் இயலாது.

இன்று பரிசு கிடைக்காமல் வருந்துபவரும், வேறொருவருடைய உழைப்பைப் பெற்றுக்கொண்டே வாழ்கிறார். அவர் உண்ட சோற்றுக்கும், நடந்த தெருவின் தூய்மைக்கும், கற்ற எழுத்துக்கும் பின்னால் நன்றி பெறாத கைகள் இருக்கின்றன. தமக்கு மறுக்கப்பட்ட ஒரு சொல்லை அவர்களுள் ஒருவருக்கு அவர் இன்றே சொல்லிவிடலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.